முதுகு தேய்த்தல்

குளிர்ந்த காலையில் கிளப்பினால் வண்டி இருமும்.
முதலில் ஒரு தடவை,
பிறகு உள்ளே யாரோ விழித்துக்கொண்டதுபோல் நாலு தடவை.
டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு.
வலேரியு மார்ச்சில் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினான்.
வெயிலில் சுருண்டு செப்டம்பரில் டேப் விழுந்தது.
விளக்கு அங்கேயே இருந்தது.

ஒர்ஹேய் கடைத்தெரு மெக்கானிக் சொன்ன தொகை
நான் தொண்ணூறு கிலோ அக்ரூட் உடைத்தால் கிடைக்கும் கூலி.
அவன் கைவிரல்களைப் பார்த்தேன். என்னுடையதைவிட வெள்ளை.

"இது பெட்ரோலை நேரே அறைக்குள் பீச்சுகிற ஜாதி,
வால்வின் முதுகைக் கழுவ ஒரு சொட்டும் வராது.
எண்ணெய்ப் புகைதான் வரும். படியும். கருகும்,"
என்றான் வலேரியு.
எனக்கு விளக்கவே வேண்டியதில்லை.
தன் முதுகு தனக்கு எட்டுமா?

"எதை வைத்து எடுப்பது தெரியுமா?
அக்ரூட் ஓடு."
சிரித்துவிட்டேன்.
ஆகஸ்டிலிருந்து இந்த வீட்டில் வேறென்ன இருக்கிறது?
சமையலறை மூலையில் ஓடு, கட்டிலடியில் ஓடு,
குளியல் தொட்டி நிறைய ஓடு.
நாங்கள் வாளியில் குளிக்கிறோம்.

காபி மெஷின் மூன்றாவது பிடியில் செத்தது.
சாக்கில் கட்டிச் சுத்தியலால் அடித்தோம்.
மாவுச் சல்லடையில் சலித்தேன்,
ரொட்டித் தட்டில் பரப்பி அடுப்பில் உலர்த்தினேன்.
ஈரமிருந்தால் குழாயில் அடைத்துக்கொள்ளுமாம்.

வாசல் கதவுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ஸினோவி
கம்ப்ரெசரை இரவல் தந்தான்,
திருப்பித் தரும்போது ஒரு பாட்டில் ஒயின் என்று.

சனிக்கிழமை.
மேல்குழாய் கழன்றதும் டார்ச் அடித்துப் பார்த்தோம்.
பிளம் ஜாம் தீய்ந்த அண்டாவின் அடி.
எட்டு வால்வு, எட்டு அண்டா.

ஒரே ஒரு விதி:
ஓடு அடிக்கும் அறையின் வால்வுகள் மூடியிருக்க வேண்டும்.
திறந்திருந்தால் ஓடு உள்ளே போகும்,
போனால்...
அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை.
நான் ஸ்பானரைப் பிடித்து கிராங்கைத் திருப்பினேன்.
"இன்னும் கொஞ்சம் திருப்பு. இன்னும். போதும்."

தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை.
ஒருபக்கம் துப்பாக்கி, மறுபக்கம் வேக்குவம் உறிஞ்ச,
கரி பொரிந்து பொரிந்து விழுந்தது.
அடியில் உலோகம், கீறலில்லாமல்,
குழந்தையின் முதல் பல் நிறத்தில்.

மூன்றாவது அறைக்கு வந்தபோது
பாதுவாவிலிருந்து அவன் தங்கை கூப்பிட்டாள்.
ஒரு காதில் போனோடு கேட்டான்: மூடியிருக்கா?
மூடியிருக்கு என்றேன்.
குனிந்து பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

பாதியில் சத்தம் மாறியது.
கம்ப்ரெசரை நிறுத்தினான்.
ஒரு மயிரிழை திறந்திருந்தது.

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.
ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான்.
மீன்தொட்டிக் குழாயை வேக்குவம் வாயில் டேப்பால் சுற்றி
இரண்டு மணிநேரம், துகள் துகளாக,
மூக்கில் மணி நுழைத்த பிள்ளையிடம் எடுப்பதுபோல்.
"இனி ஒன்றுமில்லை."
டார்ச்சை வாங்கி நானும் பார்த்தேன்.
ஒன்றும் தெரியவில்லை.
தெரியாததும் இல்லாததும் ஒன்றா என்று கேட்கவில்லை.

இரவு ஒன்பதுக்குச் சாவியைத் திருகினான்.
வண்டி இருமவில்லை.
பூனை மடியில் படுத்த சத்தம், அவ்வளவுதான்.
பின்னாலிருந்து புகை ஒரு மடக்கு வந்தது.
வறுத்த அக்ரூட் வாசனை.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
அவன் ஆக்ஸிலேட்டரை மெதுவாக அழுத்தினான்.
இரண்டு நிமிடத்தில் வெறும் புகை நாற்றம்.

அன்றைக்குத் தொட்டி காலி.
வெந்நீர் நிரம்பியதும் எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம்.
என் கையில் கரி சோப்புக்கு உடனே போயிற்று.
பச்சைத் தோல் உரித்த கறை மட்டும் போகாது,
அது கிறிஸ்துமஸ் வரை இருக்கும்.
"இன்னும் கொஞ்சம் திரும்பு," என்றான்
பஞ்சை எடுத்துக்கொண்டு.

திங்கள் காலை மஞ்சள் விளக்கு எரிந்தது.
நினைவை அழிக்க வேறொரு கருவி வேண்டுமாம்,
அது மெக்கானிக்கிடம்தான் இருக்கிறதாம்.
வலேரியு டேப்பைத் தேடினான்.
மீன்தொட்டிக் குழாயில் சுற்றித் தீர்ந்திருந்தது.